மழை, யுத்தம், நிவாரணம்: எதியோப்பியாவின் மூன்று பஞ்சங்கள்

போன செமஸ்டரில் ஒரு ட்யூட்டோரியல் வகுப்பு. எண்பதுகளின் உலக அரசியல் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். சேர் ஒரு பழைய செய்திக் காணொளியைப் போட்டுக் காட்டினார். 1984 ஒக்டோபர், வட எதியோப்பியாவில் கொரெம் என்ற ஊர். விடியற்காலைக் குளிரில், புகைமூட்டத்துக்கு நடுவில், ஆயிரக்கணக்கான சனம் துணியைப் போர்த்திக்கொண்டு வெறுந்தரையில் கிடக்கிறார்கள். சிலர் எழும்பவே இல்லை. காணொளி முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பக்கத்தில் இருந்த நண்பன் சொன்னான்: "மழை பெய்யாட்டி என்னடா செய்யிறது, பாவங்கள்."

பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் இதைச் சொன்னேன். அவ வன்னியில் கமம் செய்த ஆள். யுத்தகாலம் முழுக்கக் கூப்பன் மட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்றவ. கேட்டுவிட்டு ஒரேயொரு பதில்தான் சொன்னா: "குளம் வத்தினா அடுத்த மாரிக்கு நிரம்பும் தம்பி. பாதையைப் பூட்டினாத்தான் பஞ்சம்."

நண்பன் சொன்னது சரியா, அம்மம்மா சொன்னது சரியா என்று பார்க்கத்தான் வாசிக்கத் தொடங்கினேன். எதியோப்பியாவின் வடக்கில் ஐம்பது வருடத்துக்குள் மூன்று பெரிய பஞ்சங்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வரட்சி என்ன செய்கிறது, மனிதர் என்ன செய்கிறார்கள் என்பது ஓரளவு பிரிந்து தெரிகிறது.

1973: சந்தையில் தானியம் இருந்தது

முதலாவது, வோலோ மாகாணத்தில் வந்த பஞ்சம். அப்போது ஆண்டவர் பேரரசர் ஹைலே செலாசி. மழை பொய்த்தது உண்மை. ஆனால் அமார்த்தியா சென் 1981 இல் எழுதிய 'வறுமையும் பஞ்சங்களும்' என்ற நூலில் இதை ஆராய்ந்து ஒரு விசித்திரமான விசயத்தைக் காட்டினார். நாடு முழுவதையும் எடுத்தால் அந்த வருடம் உணவு உற்பத்தி பெரிதாக விழவில்லை. வோலோவில்தான் விழுந்தது. அப்படியென்றால் வெளியிலிருந்து தானியம் உள்ளே வந்திருக்க வேண்டும், வோலோச் சந்தைகளில் விலை எக்கச்சக்கமாக ஏறியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. விலை பெரிதாக ஏறவில்லை. அதைவிட மோசம், பஞ்சம் நடந்துகொண்டிருந்த வோலோவிலிருந்து கொஞ்சத் தானியம் வெளியில் போனது.

காரணம் எளிமையானது. விளைச்சல் போன கமக்காரனுக்குச் சாப்பிடவும் ஒன்றுமில்லை, விற்கவும் ஒன்றுமில்லை. கையில் காசில்லாத சனத்துக்கு வியாபாரி ஏன் லொறி அனுப்பப் போகிறான்? மாடு ஆடு வைத்திருந்தவர்கள் அவற்றை விற்கப் போனால், எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்ததால் விலை விழுந்துவிட்டது. அஃபார் இன மேய்ப்பர்களின் கதை இன்னும் பழையது. வரட்சிக் காலத்தில் அவர்கள் மந்தையை ஓட்டிப் போகும் அவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நல்ல நிலங்கள் ஏற்கனவே பருத்தி, கரும்புத் தோட்டங்களுக்குப் போய்விட்டன. வரட்சி வந்தபோது ஓடிப்போக இடமில்லை. அபிவிருத்தி என்ற பெயரில் நடந்த ஒரு வேலை, பத்து வருடம் கழித்துப் பஞ்சமாகத் திரும்பி வந்தது.

அரசு இதை மறைத்தது. 1973 ஒக்டோபரில் பிரித்தானிய ஊடகவியலாளர் ஜொனதன் டிம்பிள்பி எடுத்த படம் வெளிநாட்டில் ஒளிபரப்பானபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் செப்டெம்பரில், பேரரசரைக் கவிழ்ப்பதற்கு முதல்நாள் இரவு, 'டெர்க்' என்ற இராணுவக் குழு அதே படத்தை எதியோப்பியத் தொலைக்காட்சியில் போட்டது. பட்டினிச் சனத்தின் காட்சிகளுக்கு இடையில் அரண்மனை விருந்துக் காட்சிகளை வெட்டி ஒட்டிப் போட்டார்கள். அதற்குப் பிறகு பேரரசருக்காகத் தெருவுக்கு இறங்க ஆள் இருக்கவில்லை. பஞ்சம் ஒரு ஆட்சியை விழுத்தும் என்று டெர்க்குக்கு நன்றாகவே தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1984: விழாவுக்கு இடையூறான பஞ்சம்

பத்து வருடம் கழிகிறது. டெர்க்கின் தலைவர் இப்போது மெங்கிஸ்து ஹைலே மரியாம். எரித்திரியாவில் 1961 இலிருந்து விடுதலைப் போர். திக்ரேயில் 1975 இலிருந்து திக்ரே மக்கள் விடுதலை முன்னணி. வடக்கு முழுக்க யுத்தகளம்.

1984 இல் மழை பொய்த்தது. ஆனால் பஞ்சம் அதற்கு முதலே தொடங்கிவிட்டது என்று ஆய்வாளர் அலெக்ஸ் டி வால் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1983 இன் தொடக்கத்தில் அரச படை மேற்குத் திக்ரேயில் பெரிய தாக்குதல் ஒன்றை நடத்தியது. அது திக்ரேயிலேயே நன்றாக விளையும் பகுதி. மற்ற இடங்களில் விளைச்சல் தவறினால் சனம் கூலி வேலைக்கும் தானியத்துக்கும் போவது அங்கேதான். அந்தக் கதவு முதலில் அடைபட்டது. பிறகு சந்தைகள். பகலில் சனம் கூடினால் விமானம் வந்து குண்டு போடும் என்பதால் பல ஊர்களில் சந்தையை இரவில் கூட்டினார்கள். தானியத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் வியாபாரிகளுக்கு ஆயிரம் தடைகள். கமக்காரர்கள் ஒரு பங்கு விளைச்சலை அரச கூட்டுத்தாபனத்துக்கு அது வைத்த குறைந்த விலைக்கு விற்கவேண்டும்.

வட எதியோப்பியக் கமக்காரனுக்கு வரட்சி புதிதில்லை. அதைச் சமாளிக்க அவனுக்கு வழிகள் இருந்தன. ஆட்டை விற்பான், பக்கத்து மாவட்டத்துக்குக் கூலிக்குப் போவான், சந்தைக்குச் சந்தை நடந்து மலிவாக வாங்குவான், காட்டுப் பழம் கீரை பிடுங்குவான். யுத்தம் இந்த வழிகளை ஒவ்வொன்றாக வெட்டியது. மழையும் தவறிய வருடத்தில் அவனிடம் மிச்சமாக எதுவும் இருக்கவில்லை.

அரசு என்ன செய்தது? 1984 செப்டெம்பர் புரட்சியின் பத்தாவது ஆண்டு. அடிஸ் அபாபாவில் வளைவுகள், சிலைகள், அணிவகுப்பு, புதிய தொழிலாளர் கட்சியின் தொடக்க விழா. நிவாரண ஆணைக்குழுவின் தலைவர் டாவிட் வோல்டே கியோர்கிஸ் வருடத்தின் தொடக்கத்திலேயே உதவி கேட்டு எச்சரித்திருந்தார். மேற்கு நாடுகள் சோவியத் பக்கம் நின்ற அரசை நம்பவில்லை. உள்ளூரில் தலைமைக்கு விழாதான் முக்கியம். விழா முடியும்வரை வெளிநாட்டு ஊடகவியலாளர்களை வடக்குக்கு விடவில்லை. பேரரசரைப் பஞ்சப் படத்தால் கவிழ்த்தவர்கள், தங்கள் பஞ்சத்தைத் தாங்களே மறைத்தார்கள்.

விழா முடிந்து, ஒக்டோபர் 23 ஆம் திகதி, பிபிசியில் மைக்கல் பேர்க்கின் செய்தி வந்தது. கமராவைப் பிடித்தவர் கென்யாவைச் சேர்ந்த மொஹமட் அமீன். நாங்கள் வகுப்பில் பார்த்தது அதைத்தான். நூற்றுக்கணக்கான தொலைக்காட்சிகள் அதை மறுஒளிபரப்புச் செய்தன. டிசெம்பரில் பாண்ட் எய்ட் பாட்டு, 1985 ஜூலை 13 இல் லைவ் எய்ட் கச்சேரி. இறந்தவர்களின் தொகை பற்றிய மதிப்பீடுகள் 4 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் வரை போகின்றன.

மாவு மூட்டையும் இராணுவ லொறியும்

உதவி வந்தது. ஆனால் எந்த வழியால் வந்தது? பெரும்பகுதி அரசின் கையால். பட்டினி கிடந்த சனத்தில் பெரும்பகுதி இருந்ததோ கிளர்ச்சி இயக்கங்களின் கட்டுப்பாட்டுப் பகுதியில். இரண்டுக்கும் நடுவில் போர்முனை.

அரசுப் பக்கத்தில் உணவு கொடுத்த நிலையங்கள் படைமுகாம் இருந்த நகரங்களில் இருந்தன. சாப்பாடு வேண்டுமென்றால் கிராமத்தை விட்டு அங்கே வரவேண்டும். அதோடு அரசு ஒரு மீள்குடியேற்றத் திட்டத்தையும் தொடங்கியது. வடக்கிலிருந்து 15 இலட்சம் பேரைத் தென்மேற்குக்கு மாற்றுவது. வரண்ட நிலத்திலிருந்து வளமான நிலத்துக்கு என்பது சொன்ன காரணம். கிளர்ச்சிக்கு ஆதரவு தரும் சனத்தைக் குறைப்பதும் நோக்கம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 6 இலட்சம் பேரை மாற்றினார்கள். கனபேரைப் பலவந்தமாக. உணவுக்கு வரிசையில் நின்றவர்களைப் பிடித்து லொறியில் ஏற்றிய சம்பவங்கள் உண்டு. குடும்பங்கள் பிரிந்தன. போன இடத்தில் மலேரியா. குறைந்தது 50,000 பேர் இந்தத் திட்டத்தால் இறந்ததாக மதிப்பீடு.

நிவாரணம் கொடுக்கும் இடம் ஆள்பிடிக்கும் இடமாக மாறினால், பசித்தவனும் அங்கே வரப் பயப்படுவான். வெளியிலிருந்து நல்ல மனத்தோடு அனுப்பிய மாவு, சனத்தை இழுக்கும் தூண்டில் இரையானது.

இதைப் பார்த்த உதவி நிறுவனங்களுக்கு முன்னால் இரண்டு வழிதான். வாயைத் திறந்தால் வெளியேற்றுவார்கள், நோயாளிகளை விட்டுப்போக வேண்டும். வாயை மூடினால் வேலையைத் தொடரலாம், ஆனால் நடப்பதற்குத் துணைபோகிறோம். பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு வாயைத் திறந்தது. 1985 டிசெம்பரில் அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் சொன்ன இறப்புத் தொகை பற்றிப் பிறகு விவாதங்கள் வந்தன. பலவந்தம் நடந்தது என்பது விவாதத்தில் இல்லை.

நடந்து போன சனம், நடந்து திரும்பிய சனம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கச்சேரிகளிலும் செய்திகளிலும் அதிகம் வராதது.

திக்ரேயில் 1978 இல் தொடங்கிய திக்ரே நிவாரணச் சங்கம் என்று ஒன்று இருந்தது. எரித்திரியர்களுக்கும் 1975 இலிருந்து அப்படியொரு சங்கம். சூடான் தலைநகர் கார்டூமில் சில தேவாலய அமைப்புகள் சேர்ந்து 1981 இல் ஒரு அவசர நிவாரணப் பணியகத்தைத் தொடங்கி, இவர்கள் மூலமாக எல்லை தாண்டி உணவு அனுப்பின. சூடானிலிருந்து லொறிகள் வெளிக்கிடும். பகலில் மரங்களுக்குக் கீழே மறைந்து நிற்கும். இரவில் மலைப்பாதையில் ஓடும். அரச விமானத்துக்குப் பயந்து இந்த ஏற்பாடு. மொத்த உதவியோடு ஒப்பிட்டால் இந்த வழியால் போனது மிகச் சிறிய பங்கு. ஆனால் அது சனம் இருந்த இடத்துக்கே போனது.

அதுவும் போதாமல் போனபோது, 1984 இன் கடைசியிலிருந்து ஏறத்தாழ 2 இலட்சம் திக்ரேயர்கள் சூடானுக்கு நடந்தார்கள். வாரக்கணக்கான நடை. சங்கம் பாதையில் தங்கும் இடங்களை ஒழுங்குசெய்தது. சூடான் முகாம்களில் அம்மை, வயிற்றோட்டம். வழியிலும் முகாமிலும் கனபேர் இறந்தார்கள்.

1985 இல் மழைக்காலம் நெருங்கியது. அப்போது முகாமிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் திரும்பிப் போகப் போகிறோம் என்றார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் தயங்கியது. யுத்தம் நடக்கிறது, உடம்பில் தெம்பில்லை, பாதையில் இறந்துவிடுவீர்கள் என்பது வெளியார் கணக்கு. கமக்காரனின் கணக்கு வேறு. இந்த மழையில் விதைக்காவிட்டால் அடுத்த வருடமும் முகாம்தான், அதற்கடுத்த வருடமும் முகாம்தான். அவர்கள் போனார்கள். போய் விதைத்தார்கள்.

உதவி பெறுபவர்கள் என்றால் கையேந்தி இருப்பவர்கள் என்ற படம்தான் எங்கள் தலையில் இருக்கிறது. கொரெம் காணொளியும் அதைத்தான் பதித்தது. திரும்பி நடந்த இந்தச் சனத்தின் படம் ஏன் எங்களுக்குத் தெரியாது?

இந்த வழியையும் புனிதமாக்கத் தேவையில்லை. திக்ரே நிவாரணச் சங்கம் இயக்கத்தோடு சேர்ந்ததுதான். 2010 இல் பிபிசி, உதவிப் பணம் ஆயுதத்துக்குப் போனது என்று ஒரு நிகழ்ச்சி செய்தது. பாண்ட் எய்ட் எதிர்த்தது. அந்தப் பணம்தான் போனது என்று நினைக்கவைத்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஏற்று அதே வருடம் பிபிசி மன்னிப்புக் கேட்டது. ஆனால் யுத்தம் நடக்கும் இடத்தில் உணவு, லொறி, எரிபொருள் எல்லாமே அதிகாரம். அரசுக்கும் அப்படித்தான், இயக்கத்துக்கும் அப்படித்தான்.

2015: வரட்சி வந்தது, பஞ்சம் வரவில்லை

1991 இல் டெர்க் விழுந்தது. திக்ரே இயக்கம் தலைமை தாங்கிய கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அந்த ஆட்சி ஜனநாயகமானது என்று சொல்ல ஏலாது. ஆனால் பஞ்சம் ஆட்சியை விழுத்தும் என்ற பாடத்தை மறக்கவில்லை.

2005 இல் 'உற்பத்திப் பாதுகாப்பு வலைத் திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வருடமும் உணவு போதாத குடும்பங்கள் எவை என்பது ஊருக்குத் தெரியும். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் அவசர உதவி கேட்டு உலகத்திடம் ஓடுவது ஏன்? வருடத்தில் வேலையில்லாத மாதங்களில் அந்தக் குடும்பங்களுக்குப் பொது வேலை கொடு, கூலியைக் காசாகவோ தானியமாகவோ கொடு. வேலை செய்ய முடியாத முதியோருக்கு நேரடியாகக் கொடு. மாட்டையும் விதைநெல்லையும் விற்காமல் குடும்பம் தாக்குப்பிடிக்கும். வேலை என்பது மலைச்சரிவில் கல் வரம்பு கட்டுவது, குட்டை வெட்டுவது, மரம் நடுவது.

இந்த வேலையில் திக்ரே முன்னுக்கு நின்றது. அப்ரேஹா வெ அட்ஸ்பேஹா என்ற கிராமம் மண்ணையும் நீரையும் காத்து, வற்றிய கிணறுகளில் நீரூறச் செய்து, 2012 இல் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் 'ஈக்குவேற்றர்' பரிசைப் பெற்றது.

2015 இல் எல் நினோ. பல பத்தாண்டுகளில் காணாத வரட்சி. 1 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு அவசர உணவு தேவைப்பட்டது. சிரமம் இருந்தது, கால்நடைகள் செத்தன, பிள்ளைகள் மெலிந்தார்கள். ஆனால் 1984 திரும்ப வரவில்லை. அரசு தன் சொந்தப் பணத்தையும் போட்டது, திட்டம் கையில் இருந்தது, பாதைகள் திறந்திருந்தன. முக்கியமாக, அந்த இடங்களில் யுத்தம் இருக்கவில்லை.

என் நண்பனின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. மழை பெய்யாவிட்டால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

2020: கட்டிய வரம்பு உடைந்தது

2020 நவம்பர் 4 இல் மத்திய அரசுக்கும் திக்ரேக்கும் இடையில் யுத்தம் மூண்டது. அறுவடைக் காலம். எரித்திரியப் படையும் அரசோடு சேர்ந்து வந்தது. பயிரை எரித்தார்கள், உழவு மாட்டை வெட்டினார்கள், கலப்பையை உடைத்தார்கள், உழ வேண்டாம் என்று கமக்காரரை மிரட்டினார்கள் என்று அறிக்கைகள் வந்தன. சனம் மறுபடி சூடானுக்கு ஓடியது. எண்பதுகளின் பஞ்சகாலத்தில் இயங்கிய உம் ரக்குபா முகாமை மறுபடி திறந்தார்கள். பேரப்பிள்ளைகள் அதே மண்ணில் கூடாரம் அடித்தார்கள்.

2021 ஜூனில், 3.5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பேரழிவு நிலைப் பட்டினியில் இருப்பதாக ஐ.நா. அமைப்புகள் ஆதரவளித்த ஆய்வு சொன்னது. அரசு ஏற்கவில்லை. அதன் பிறகு முற்றுகை. வங்கி, மின்சாரம், தொலைபேசி நின்றன. ஒரு நாளைக்கு 100 லொறி உணவு போகவேண்டும் என்று ஐ.நா. கணக்குச் சொன்னது. 2021 டிசெம்பர் நடுப்பகுதியிலிருந்து 2022 மார்ச் கடைசிவரை தரைவழியாக உணவுத் தொடரணி ஒன்றுகூடப் போகவில்லை. 2021 செப்டெம்பர் 30 இல் ஏழு மூத்த ஐ.நா. அதிகாரிகளை அரசு நாட்டைவிட்டு வெளியேற்றியது. மறுபக்கம், 2022 ஓகஸ்டில் மெக்கெலேயில் இருந்த உலக உணவுத் திட்டத்தின் எரிபொருளைத் திக்ரேப் படை எடுத்துக்கொண்டது.

யுத்தத்தில் பட்டினியை ஆயுதமாக்குவதைக் கண்டிக்கும் 2417 ஆம் இலக்கத் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றியது 2018 மே மாதம். திக்ரே யுத்தம் மூண்டபோது மூன்று வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

2022 நவம்பர் 2 இல் பிரிட்டோரியாவில் சண்டையை நிறுத்த ஒப்பந்தம். ஆனால் 2023 இல், உதவி உணவு பெருமளவில் திருட்டுப்போனது தெரியவந்தபோது, அமெரிக்க உதவி நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் முதலில் திக்ரேக்கும் பிறகு நாடு முழுவதற்கும் உணவை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தன. அதே வருடம் வரட்சியும் வந்தது. 2024 ஜனவரியில் எதியோப்பியாவின் சொந்தக் குறைகேள் அதிகாரியே, திக்ரேயிலும் அம்ஹாராவிலும் ஏறத்தாழ 400 பேர் பட்டினியால் இறந்ததாகச் சொன்னார். திருடியவன் ஒருத்தன், பட்டினி கிடந்தவன் இன்னொருத்தன்.

எங்களுக்கு இதில் என்ன?

இதை எழுதும்போது 2008 செப்டெம்பரைத் தவிர்க்க முடியவில்லை. வன்னியிலிருந்து ஐ.நா.வையும் உதவி நிறுவனங்களையும் வெளியேறச் சொல்லி இலங்கை அரசு உத்தரவிட்டது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் கூடிப் போகவேண்டாம் என்று கேட்டது. அவர்கள் போனார்கள். 2012 நவம்பரில் வெளிவந்த சார்ள்ஸ் பெற்றியின் உள்ளக மீளாய்வு, இலங்கையில் ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று ஒப்புக்கொண்டது. அனுமதி பறிபோகும் என்ற பயத்தில் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டது அந்தத் தவறின் ஒரு பகுதி. 1985 இல் எதியோப்பியாவில் எழுந்த அதே கேள்வி.

அதற்காக இரண்டும் ஒரே கதை என்று சொல்ல வரவில்லை. அங்கே மூன்று தலைமுறை, பல இலட்சம் உயிர், வேறு அரசியல். ஆனால் நிவாரணம் பற்றி யோசிக்கும்போது நாங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் மாறுகின்றன. எவ்வளவு காசு சேர்ந்தது என்பதோடு நிற்கக்கூடாது. எந்தப் பாதையால் போகிறது, பாதையின் திறப்பு யார் கையில், பெயர்ப்பட்டியலை யார் எழுதுகிறார்கள், வாங்க வருகிற சனம் பயமில்லாமல் வீடு திரும்பலாமா என்றும் கேட்கவேண்டும். அபிவிருத்தி என்றால், யாருடைய மேய்ச்சல் நிலத்தை எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்கவேண்டும்.

உதவி தேவையில்லை என்பதல்ல என் முடிவு. அந்த மாவில்லாமல் இன்னும் எத்தனையோ பேர் இறந்திருப்பார்கள், அம்மம்மா உட்பட. சங்கக்கடை மாவில் அவ சுட்ட ரொட்டியில்தான் என் அம்மா வளர்ந்தா. ஆனால் அந்த மாவு மூட்டை வன்னிக்கு வர எத்தனை சோதனைச் சாவடி தாண்டியது, எத்தனை நாள் வராமல் நின்றது என்பதும் அவவுக்கு நாள்கணக்காக நினைவிருக்கிறது.

அடுத்த வகுப்பில் நண்பனுக்கு இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்தச் சனம் திரும்பிப் போய் விதைச்சது விளைஞ்சதோ?" என்று கேட்டான். 1985 இல் மழை முந்தின வருடத்தைவிட நன்றாகவே பெய்தது. பலர் அறுவடை செய்தார்கள். யுத்தம் முடிய இன்னும் ஆறு வருடம் இருந்தது.